இஞ்சினை மாற்றும் முன் அடிக்கட்டையைத் தட்டிப் பாருங்கள்

இராமநாதபுரம், புதுக்கோட்டை, தூத்துக்குடி மாவட்டங்களின் கரையோர ஊர்களில் ஒரே வீட்டில் ஏரும் வலையும் இருப்பதைக் காணலாம். மழை பெய்த ஆண்டில் மானாவாரி நெல்லும் மிளகாயும் கைகொடுக்கும். பொய்த்த ஆண்டில் கடல்தான் சோறு போடும். இப்படிப்பட்ட குடும்பங்களிடம் உள்ள வள்ளம் பெரும்பாலும் பழையதாக இருக்கும். அண்ணன் தம்பிகள் இரண்டு மூன்று பேர் பங்கு போட்டு இரண்டாம் கையாக வாங்கியதாக இருக்கும். பின்பக்கம் வெளியே தொங்கும் இஞ்சின் அல்ல. வள்ளத்தின் வயிற்றிலேயே டீசல் இஞ்சின் உட்கார்ந்து, நீண்ட ஷாப்ட் மூலம் பின்னால் உள்ள விசிறியைச் சுழற்றும். இந்த வகைப் பழைய வள்ளங்களைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

விவசாயப் பகுதியில் படகு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியே 1977-இல் தொடங்கப்பட்டபோது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியாகத்தான் இருந்தது. மேலும், கிணற்று மேட்டில் ஓடும் டீசல் இஞ்சினுக்கும் வள்ளத்தில் ஓடும் இஞ்சினுக்கும் உள்ளுக்குள் பெரிய வேறுபாடு கிடையாது. பம்புசெட்டைக் கவனித்துப் பழகிய விவசாயிக்கு வள்ளத்து இஞ்சின் புரியாத பொருள் அல்ல. ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. பம்புசெட் இஞ்சின் காங்கிரீட் மேடையில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டது. மேடை அசையாது. வள்ளத்து இஞ்சின் உட்கார்ந்திருப்பதோ மரக்கட்டையின் மேல். பைபர் வள்ளமாக இருந்தாலும், மேலே பார்த்தால் வழவழப்பான பைபர்; உள்ளே இருப்பது மரம். தொல்லை பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு வள்ளத்தின் கதை

சில ஆண்டுகளுக்கு முன் மிளகாய் சாகுபடிப் பயிற்சிக்காக இராமநாதபுரம் மாவட்டத்துக் கரையோர ஊர் ஒன்றுக்குப் போயிருந்தேன். பயிற்சி முடிந்ததும் விவசாயி ஒருவர் தயங்கியபடி வந்தார். "சார், நீங்க பம்புசெட் இஞ்சின் சத்தத்தை வச்சே கோளாறு சொல்லுவீங்கன்னாங்க. எங்க வள்ளத்தையும் ஒருதரம் வந்து பாத்துட்டுப் போங்க" என்றார்.

அவருக்கும் தம்பிக்கும் சேர்த்து மூன்று ஏக்கர் மானாவாரி நிலம். 28 அடி பைபர் வள்ளம் ஒன்று. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு அவசர அவசரமாகக் கட்டப்பட்ட எத்தனையோ பைபர் படகுகளில் அதுவும் ஒன்று. கைமாறி இவர்களிடம் வந்தது. ஒற்றை சிலிண்டர் பழைய இஞ்சின் தேய்ந்து புகை தள்ளவே, வீட்டுப் பெண்களின் நகைகளை அடகு வைத்து, ஏறக்குறைய இரண்டு மடங்கு குதிரைத்திறன் உள்ள இரண்டு சிலிண்டர் இஞ்சினை வாங்கி, அதே கட்டையில் பொருத்தியிருந்தார்கள்.

மூன்று மாதத்தில் கிளாண்டு கயிறு இரண்டு முறை கருகியது. ஷாப்ட் புஷ் தேய்ந்தது. கப்ளிங் போல்ட் ஒடிந்தது. ஒவ்வொரு முறையும் பட்டறையில் கெட்டுப்போன பாகத்தை மாற்றிக் கொடுத்தார்கள். ஏன் கெட்டது என்று யாரும் பார்க்கவில்லை. கடைசியாக ஒருநாள், கரையிலிருந்து மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கும்போது கிளாண்டு வழியாகக் கடல்நீர் உள்ளே வந்துவிட்டது. வள்ளத்தில் நான்கு பேர். இரண்டு இரண்டு பேராக முறைபோட்டு வாளியால் இறைத்துக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பக்கம் வந்த உறவுக்காரர் வள்ளம் கயிறு கட்டி இழுத்து வந்ததால் கரை சேர்ந்தார்கள்.

நானும் முதலில் கிளாண்டைத்தான் சந்தேகித்தேன். பம்புசெட் பழக்கம் அப்படி. இஞ்சின் பவுண்டேஷன் போல்ட்டில் ஸ்பானர் போட்டபோதுதான் விஷயம் புரிந்தது. போல்ட் இறுகவே இல்லை, சுற்றிக்கொண்டே இருந்தது. கையால் இழுத்ததும் மேலே வந்துவிட்டது. அதன் மரையில் ஒட்டிக்கொண்டு வந்தது மரம் அல்ல, ஊறிய அவல்.

கட்டை உளுத்ததும் புது இஞ்சினின் கனத்தால் அதன் பின்பக்கம் சில மில்லிமீட்டர் கீழே இறங்கியிருக்கிறது. ஷாப்ட் நேர்கோட்டை விட்டு விலகியதால் கிளாண்டும் புஷ்ஷும் கப்ளிங்கும் அடிவாங்கியிருக்கின்றன. குற்றவாளி ஒருவன், தண்டனை மூன்று பேருக்கு. நகைக் கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருந்தது தனிக் கணக்கு.

கட்டை எப்படி உளுக்கிறது?

பைபர் வள்ளம் கட்டும்போது, நீளவாக்கில் இரண்டு கனமான மரக்கட்டைகளை அடியில் பதித்து, அவற்றின் மேல் கண்ணாடி இழைப் பாயும் ரெசினும் கொண்டு மூடுவார்கள். அந்த மூடி முழுதாக இருக்கும்வரை மரத்துக்குக் கேடில்லை. ஆனால் இஞ்சினைப் பொருத்த அதே மூடியில் துளை போடுகிறோம். அந்தத் துளையின் உட்சுவர் பச்சை மரம். வள்ளத்தின் அடியில் தேங்கும் நீர், கசியும் டீசல், மழைநீர் எல்லாம் போல்ட் வழியாக அதற்குள் இறங்கும். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லை. கடல் உப்பு மரத்தைக் காக்கும் என்பது ஓரளவுதான் உண்மை. வள்ளத்துக்குள் தேங்கி நிற்கும் மழைநீர் நன்னீர்தானே! அதில்தான் பூஞ்சணம் நன்றாக வளரும். ஆகவே கரையில் ஏற்றி வைத்த வள்ளத்தை ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடாமல் விடுவது, கடலில் ஓட்டுவதைவிடக் கெடுதல்.

சோதிப்பது எளிது. கால் கிலோ எடையுள்ள சிறு சுத்தியை எடுத்துக்கொண்டு, கட்டை நெடுக, சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்கும் நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நல்ல இடத்தில் கணீர் என்று கேட்கும்; சுத்தி துள்ளும். உளுத்த இடத்தில் மந்தமான சத்தம் வரும், சுத்தி துள்ளாது. சந்தேகமான இடத்தில் மட்டும் 3 மில்லிமீட்டர் துளை போட்டு, வரும் தூளை உள்ளங்கையில் தேய்த்துப் பாருங்கள். வெளுத்த காய்ந்த தூள் வந்தால் கவலையில்லை. கறுத்து, ஈரமாக, புளித்த வாடையுடன் வந்தால் அந்தப் பகுதி போய்விட்டது. துளையை அப்படியே விடாமல் அன்றே எபாக்சியால் அடைத்துவிட வேண்டும். இஞ்சினை ஓடவிட்டு, அதன் காலுக்கும் கட்டைக்கும் நடுவே விரல் நுனியை வைத்துப் பார்ப்பதும் ஒரு வழி. காலும் கட்டையும் ஒன்றாக அதிர வேண்டும். கால் தனியாகத் துடித்தால் போல்ட் பிடிக்கவில்லை என்று பொருள். இதைச் செய்யும்போது கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, சுழலும் ஷாப்ட்டிலிருந்து விலகி நிற்க வேண்டும்.

மரம் நல்ல நிலையில் இருந்து, போல்ட் துளை மட்டும் தளர்ந்திருந்தால் முழுக் கட்டையையும் மாற்றத் தேவையில்லை. போல்ட்டைவிடப் பெரிய துளை போட்டு, உட்புறத்தை நன்றாகக் காயவைத்து, எபாக்சியில் மாவுப் பொருள் கலந்து கெட்டியாக்கி நிரப்பி, இறுகிய பிறகு அதன் நடுவில் போல்ட்டுக்கான துளையைப் போடலாம். இப்படிச் செய்தால் போல்ட்டைச் சுற்றி எபாக்சிதான் இருக்கும். ஈரம் மரத்தைத் தொடாது. புதிய வள்ளத்துக்கும் முதல் நாளிலேயே இதைச் செய்வது நல்லது. செலவு அற்பம்.

கட்டை உளுத்திருந்தால் ஒட்டுப்போடுவது வீண் வேலை. இஞ்சினைத் தூக்கிவிட்டு, மேல் மூடியை அறுத்தெடுத்து, ஊறிய மரத்தை நல்ல மரம் தெரியும்வரை வெட்டி எடுக்க வேண்டும். நன்கு காய்ந்த கெட்டி மரத்தையோ, ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மெரைன் பிளைவுட்டை அடுக்கி ஒட்டியோ பயன்படுத்தலாம். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டும் முன் அசிட்டோனால் துடைக்காவிட்டால் ரெசின் பிடிக்காது. மரத்தின் குறுக்கு வெட்டு முகம் தாகம் கொண்டவன்போல் நீரை உறிஞ்சும். அதற்கு இரண்டு மூன்று முறை எபாக்சி பூச வேண்டும்.

நம் ஊர்ப் பட்டறைகளில் பெரும்பாலும் பாலியெஸ்டர் ரெசின்தான் கிடைக்கிறது. அது புதிய பைபருக்கு ஏற்றது. மரத்தோடும், ஆறிப்போன பழைய பைபரோடும் அவ்வளவாக ஒட்டாது. எபாக்சி விலை கூடுதல்தான். ஆனால் கட்டை வேலைக்கு மட்டுமாவது அதையே வாங்குங்கள். எபாக்சி வேலைக்கு நெய்த கண்ணாடி இழைத் துணியைப் பயன்படுத்த வேண்டும். நறுக்கு இழைப் பாயைக் கட்டியிருக்கும் பசை பாலியெஸ்டரில் கரையும், எபாக்சியில் கரையாது. எபாக்சி போட்ட இடத்தின்மேல் மறுபடி பாலியெஸ்டர் பூசுவதும் கூடாது, உரிந்துவிடும். பழைய பைபரைப் பெயிண்ட் போகத் தேய்த்தால் போதாது. இழை தெரியும்வரை அரைக்க வேண்டும். அரைக்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

ஒரு கடுமையான எச்சரிக்கை. பாலியெஸ்டர் ரெசினில் சேர்க்கும் கோபால்ட் திரவத்தையும், இறுகவைக்கும் கேட்டலிஸ்ட்டையும் ஒருபோதும் நேருக்கு நேர் கலக்கக் கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, அதன் பிறகே கேட்டலிஸ்ட்டைச் சேர்க்க வேண்டும். இரண்டு புட்டிகளையும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். வீட்டுப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

வேலையைப் பங்குனி, சித்திரையில், ஓலைப் பந்தலின் நிழலில், பனி ஈரம் காய்ந்த பிறகு தொடங்குவது நல்லது. ஆனால் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் ஆனபடியால், அப்போது பட்டறைகளில் நமக்கு இடம் கிடைப்பது அரிது. மாசி மாதத்திலேயே மிஸ்திரியிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

நேர்கோடு பார்த்தல்

கட்டை முடிந்து இஞ்சினை இறக்கியதும், கரையிலேயே நேர்கோடு பார்த்துக் கப்ளிங்கைப் பூட்டிவிடுகிறார்கள். இது தவறு. கரையில் மணல்மேல் இருக்கும்போது வள்ளத்தின் உடலுக்கு ஒரு வடிவம். தண்ணீரில் மிதக்கும்போது வேறு வடிவம். வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது; ஷாப்ட்டுக்குத் தெரியும். கரையில் தோராயமாகப் பொருத்தி, வள்ளத்தைத் தண்ணீரில் இறக்கி, வழக்கமாக ஏற்றும் வலை, டீசல், ஐஸ் பெட்டி ஆகியவற்றின் பளுவோடு ஒருநாள் மிதக்கவிட்ட பிறகே கடைசி அளவைப் பார்க்க வேண்டும்.

இதற்கு வேண்டியது டேப்பெட் இடைவெளி பார்க்கும் அதே பீலர் கேஜ்தான். கப்ளிங் போல்ட்டுகளைக் கழற்றி, இரண்டு தட்டுகளையும் கையால் நெருக்குங்கள். ஒன்று மற்றொன்றில் தானாக உட்கார வேண்டும். கடப்பாரை போட்டு நெம்பும் வேலை கூடாது. பிறகு மேலே, கீழே, இடது, வலது என நான்கு இடங்களில் இடைவெளியை அளக்க வேண்டும். தட்டின் குறுக்களவு நான்கு அங்குலம் என்றால், நான்கு அளவுகளுக்கும் இடையே மிகுதியான வேறுபாடு 0.1 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. அடுத்து ஷாப்ட்டை மட்டும் அரைச் சுற்று திருப்பி மீண்டும் அளந்து பாருங்கள். அகலமான இடைவெளி அதே இடத்தில் நின்றால் இஞ்சின் சாய்ந்திருக்கிறது. காலின் அடியில் தகடு வைத்துச் சரி செய்யலாம். அகலமான இடைவெளி ஷாப்ட்டோடு சேர்ந்து சுற்றினால் ஷாப்ட்டோ அதன் தட்டோ வளைந்திருக்கிறது. அதை லேத்துப் பட்டறைக்குத்தான் கொண்டுபோக வேண்டும்; இஞ்சினை எவ்வளவு நகர்த்தினாலும் பயனில்லை. நான் மேலே சொன்ன வள்ளத்தில் இரண்டு குறையுமே இருந்தன. ஒடிந்த போல்ட்டோடு ஓட்டியதில் ஷாப்ட்டும் வளைந்திருந்தது.

நேர்கோடு சரியான பிறகு கிளாண்டு. பம்புசெட்டில் கிளாண்டு கயிறு போடும் முறையே இங்கும். மூன்று நான்கு வளையங்கள், ஒவ்வொன்றின் இணைப்பும் அடுத்ததன் இணைப்புக்கு நேராக வராமல் மாற்றி மாற்றி அமைய வேண்டும். ஒரே நீளமாகக் கயிற்றைச் சுற்றித் திணிக்கக் கூடாது. ஒரு சொட்டும் வரக் கூடாது என்று இறுக்குபவர்கள்தான் அதிகம். ஓடும்போது நிமிடத்துக்குச் சில சொட்டுகள் சொட்ட வேண்டும். அந்த நீர்தான் ஷாப்ட்டைக் குளிரவைக்கிறது. கையால் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கலாம், சுடக் கூடாது. இறுக்கியே பழகிய கிளாண்டில் ஷாப்ட்டின் மேல் வளையம் வளையமாகக் குழி விழுந்திருக்கும். அந்த ஷாப்ட்டில் எந்தக் கயிறும் நிற்காது.

வெளிப்புற புஷ்ஷைக் கரையில் இருக்கும்போது பார்க்கலாம். விசிறிக்கு அருகில் ஷாப்ட்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஓர் அங்குல ஷாப்ட்டில் அரை நூல் அளவு, அதாவது 1.5 மில்லிமீட்டர் ஆட்டம் வந்தால் புஷ்ஷை மாற்றிவிட வேண்டும்.

உப்பும் உலோகமும்

கடல்நீரில் இரண்டு வெவ்வேறு உலோகங்கள் சேர்ந்திருந்தால் ஒன்று மற்றொன்றைத் தின்னும். கன்மெட்டல் விசிறியும் இரும்புச் சுக்கான் சட்டமும் உள்ள வள்ளத்தில் தின்னப்படுவது இரும்பு. அதற்கு இரையாகத்தான் துத்தநாகக் கட்டியைப் பொருத்துகிறோம். கட்டி பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். கரையவே இல்லை என்று மகிழாதீர்கள். அது வேலை செய்யவில்லை என்று பொருள். பெரும்பாலும் யாரோ அதன்மேல் பெயிண்ட் அடித்திருப்பார்கள். பித்தளைத் திருகுகளும் வால்வுகளும் கடல்நீரில் சில ஆண்டுகளில் இளஞ்சிவப்பாக மாறிப் பிட்டுபோல் உதிரும். வள்ளத்தின் அடியில் துளை உள்ள இடங்களில் வீட்டுக் குழாய்க்கான பித்தளை வால்வைப் போடுவது உயிரோடு விளையாடுவது. அங்கே கன்மெட்டல்தான் வேண்டும். ரப்பர் குழாய்க்கு இரட்டைக் கிளிப் போடுங்கள்.

நேரடியாகக் கடல்நீரால் குளிரும் இஞ்சினில் நீர் 55 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடானால் உட்புறம் உப்பு படியத் தொடங்கும். கரை வந்ததும் பத்து நிமிடம் நன்னீர் விட்டு ஓட்டும் பழக்கம் இருந்தால் இஞ்சினின் ஆயுள் கூடும். பழைய வள்ளத்தில் செய்யத்தக்க நல்ல மேம்பாடு எது என்று கேட்டால், நன்னீரைச் சுற்றவிட்டு அதைக் கடல்நீரால் குளிரவைக்கும் அமைப்பையே சொல்வேன். டீசலில் சேரும் தண்ணீருக்கு வடிகட்டும் கிண்ணம், டாங்கியின் அடியில் வடிகால் திருகு, வள்ளத்தை நிறுத்தி வைக்கும்போது டாங்கியை நிரப்பி வைத்தல் ஆகியவை பம்புசெட்காரர்களுக்குத் தெரிந்தவையே.

கூடுதல் குதிரைத்திறன் தேவையா?

இஞ்சின் மாற்றும்போது எல்லோருக்கும் வரும் ஆசை, கொஞ்சம் பெரிதாகப் போட்டால் என்ன என்பது. வள்ளம் நீரைக் கிழித்துச் செல்லும் உடலமைப்பு கொண்டது. நீரின்மேல் ஏறிச் சறுக்கும் அமைப்பு அல்ல. இப்படிப்பட்ட உடலுக்கு இயற்கையே ஒரு வேக எல்லை வைத்திருக்கிறது. நீர்மட்ட நீளம் 25 அடி என்றால் ஏறக்குறைய 6.7 நாட், 28 அடி என்றால் 7 நாட்டுக்குச் சற்று மேல். அந்த எல்லையை நெருங்கியதும் வள்ளம் தானே எழுப்பும் அலையின்மீது ஏற முயல்கிறது. அதற்குமேல் கொடுக்கும் சக்தியெல்லாம் அலையாகத்தான் போகும், மீனாக வராது.

இதைப் பம்பின் கணக்கோடு ஒப்பிடலாம். சுழல் பம்பின் சுற்றுகளைச் சற்று குறைத்தால் அது கேட்கும் சக்தி மிகவும் குறைவதுபோலவே விசிறியும். சுற்றுகளைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் தேவைப்படும் சக்தி கால் பங்குக்கும் மேல் குறைகிறது. ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. மீன்பிடி இடத்துக்குப் போகும்போது நெரிசலும் போட்டியும் இருக்கலாம். திரும்பி வரும்போதாவது திராட்டிலைக் குறைத்துப் பாருங்கள். அரைமணி நேரம் தாமதமாகலாம். டீசல் கேனைத் தூக்கிப் பார்த்தால் தெரியும்.

வேகம் வேண்டுமானால் இஞ்சினைவிட விசிறியைக் கவனிப்பதே மேல். பெரிய விசிறி மெதுவாகச் சுற்றுவது, சிறிய விசிறி வேகமாகச் சுற்றுவதைவிடச் சிக்கனம். அதிவேக இஞ்சின் போட்டால் இரண்டுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று என்று சுற்றைக் குறைக்கும் கியர் பெட்டி கட்டாயம் வேண்டும். விசிறி பொருத்தமானதா என்பதை அறிய, வள்ளத்தில் பளு ஏற்றி முழுத் திராட்டில் கொடுத்துப் பாருங்கள். இஞ்சின் தகட்டில் குறித்துள்ள சுற்றை எட்ட வேண்டும். எட்டாமல் கரும்புகை தள்ளினால் விசிறி இஞ்சினுக்கு மிஞ்சியது. தாண்டிப் பறந்தால் விசிறி போதாது. பழைய இஞ்சினின் விசிறியையே புது இஞ்சினுக்கும் போட்டு ஓட்டுகிறவர்கள் பலர். அண்ணன் செருப்பைத் தம்பி போட்டு நடப்பதுபோலத்தான்.

அடியில் ஒட்டிய சிப்பியும் பாசியும் தின்னும் டீசலுக்கும் கணக்கு உண்டு. சுரண்டிச் சுத்தம் செய்வதற்குக் கைக்கூலி தவிர வேறு செலவு இல்லை.

பலகை வள்ளம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சொல். உங்கள் வள்ளத்தில் கட்டையின் உளுப்பு கண்ணுக்குத் தெரியும். அது ஒரு நன்மை. ஆனால் பலகையைப் பிடித்திருக்கும் இரும்பு ஆணி துருவேறி, சுற்றியுள்ள மரத்தையும் கறுக்கவைத்திருக்கும். அந்த நிலையில் உள்ள வள்ளத்தில் அதிரும் பெரிய இஞ்சினை ஏற்றினால் பஞ்சடைத்த இடைவெளிகள் எல்லாம் திறந்துகொள்ளும். அதற்குப் பழைய மெதுவான இஞ்சினையே ரீபோர் செய்து ஓட்டுவதுதான் புத்திசாலித்தனம்.

ஷாப்ட்டும் கைலியும்

பல வள்ளங்களில் கப்ளிங்கும் ஷாப்ட்டும் மூடியின்றிச் சுழல்கின்றன. கப்ளிங் போல்ட்டின் தலை கைலி நுனியையோ வலைக் கயிற்றையோ பிடித்தால் விட்டு விடாது. பம்புசெட் பெல்ட்டில் வேட்டி சிக்கிக் காலை இழந்தவரை நான் அறிவேன். அங்கே ஓடிப்போய் நிறுத்த ஆள் உண்டு, ஆஸ்பத்திரிக்குச் சாலை உண்டு. நடுக்கடலில் இரண்டும் கிடையாது. ஒரு பிளைவுட் துண்டை வளைந்த கூரைபோல் அடித்து, ஷாப்ட்டின் மேல் கழற்றி மாட்டும்படி வைத்துக்கொள்ளுங்கள். அரை நாள் தச்சு வேலை.

இஞ்சினை மாற்றினால் மீன்வளத் துறை அலுவலகத்தில் பதிவுச் சான்றிலும், காப்பீடு இருந்தால் அதிலும் புதிய இஞ்சின் எண்ணையும் குதிரைத்திறனையும் பதிந்துகொள்ள வேண்டும். வாங்குவதற்கு முன்பே அங்கே போய், உங்கள் வகை வள்ளத்துக்கு எவ்வளவு வரை அனுமதி என்று கேட்டுவிடுவது நல்லது. விலையில்லாமல் கிடைக்கும் தகவல் அது.

அந்த இரண்டு சகோதரர்களின் வள்ளத்தில், இஞ்சினைத் தூக்கி இரண்டு கட்டைகளையும் புதிதாக்கி, மேலே கால்வனைஸ் செய்த இரும்புச் சட்டம் பதித்து, ஷாப்ட்டை லேத்தில் நேராக்கி, தண்ணீரில் மிதக்கவிட்டு அளவு பார்த்து முடிக்கப் பதினெட்டு நாட்கள் ஆயின. மூன்று மாதங்களில் உதிரி பாகங்களுக்குக் கொட்டிய பணத்தைவிட இந்தச் செலவு குறைவு என்று தம்பி கணக்கு நோட்டைக் காட்டினார். முதல் 25 மணி நேரம் ஓடிய பிறகு பவுண்டேஷன் போல்ட்டுகளை மறுபடி இறுக்கி, பீலர் கேஜால் இன்னொரு முறை பார்க்கச் சொல்லியிருந்தேன். பார்த்ததில் வலதுபக்க முன்கால் இரண்டு போல்ட்டும் கால் சுற்று தளர்ந்திருந்தன. புதிய கட்டை அமுங்குவதால் அப்படி வருவது இயல்பு, இறுக்கிவிட்டால் போதும். அதன் பிறகு ஒவ்வொரு ஆண்டும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒருமுறையும், மழை விட்ட பின் ஒருமுறையும் கட்டையைச் சுத்தியால் தட்டிப் பார்த்து வருகிறார்கள்.